பேரலுக்குள் எத்தனை சுத்து முறுக்கு?

என் ஏர் ரைபிளில் பத்து மீட்டர் வரை வம்பில்லை. தட்டைத் தலை பெல்லட் (இடை சிறுத்த சின்ன ஈயக் குண்டு), 0.53 கிராம், ஒரே ஓட்டையை அரித்துக்கொண்டே போகும். முப்பது மீட்டருக்கு ஆசைப்பட்டதுதான் வினை. பெல்லட்டை விட, இடை சிறுக்காத முழு ஈயக் குண்டான ஸ்லக்கைக் காற்று அவ்வளவாகத் தள்ளாது என்று கேள்விப்பட்டு, 8 மி.மீ. நீளத்தில் ஒரு டப்பா வாங்கிவிட்டேன்.

பண்ருட்டிப் பக்கம் மாமாவின் முந்திரித் தோப்பு. 2011 தானே புயலில் சாய்ந்த மரங்களின் வேர்மண் மேடாகக் கிடக்கும்; அதுதான் குண்டு தாங்கி. கொட்டை பொறுக்குகிறவர்கள் போன பிறகு சுட்டேன். காகிதத்தில் வட்ட ஓட்டையே இல்லை, வேப்பங்கொட்டை மாதிரி நீளநீளமாகக் கிழிசல். ஸ்கோப் திருகை முடுக்கினேன், கடல் காற்றைத் திட்டினேன்.

மாமா நெய்வேலியில் லேத் ஓட்டியவர். “மரைக்கு பிட்ச் பாக்காம போல்ட் வாங்குவியாடா மாப்ள? குழலுக்குள்ள எத்தனை சுத்து முறுக்கு?” என்றார். யோசித்ததே இல்லை. பேரலின் உட்சுவரில் திருகு மாதிரி ஓடும் பள்ளம்தான் முறுக்கு; குண்டைச் சுழற்றி, பல்டி அடிக்காமல் போக வைப்பது அதுதான்.

சிலிண்டர் காற்றை இறக்கி, பேரல் காலிதான் என்று பார்த்துக்கொண்டு, தானாகச் சுழலும் கிளீனிங் ராடில் துணியை இறுக்கமாகச் சுற்றி உள்ளே தள்ளினோம். ராடில் ஒட்டிய டேப் அரைச் சுற்று திரும்ப 225 மி.மீ. ஆனது. மூன்று முறை பார்த்தும் அதே. முழுச் சுற்றுக்கு 450.

எத்தனை மி.மீ.க்கு ஒரு சுற்று வேண்டும் என்பதற்கு 1879-இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் சொன்ன கணக்கு: குண்டின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, மறுபடி 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். 4.5 மி.மீ. விட்டம், 8 மி.மீ. நீளம் என்றால் 380 மி.மீ.க்கு ஒரு சுற்று வேண்டும். என் பேரல் சுற்றுவது போதாது, குண்டு பல்டி அடிக்கிறது. நீளம் 6.5 என்றால் 467. என் 450 தாங்கும். பீரங்கிக் குண்டுக்குப் போட்ட கணக்கு, ஏர் ரைபிளுக்குக் குத்துமதிப்புதான்.

அப்படியானால் முறுக்கை அதிகமாக வைத்தே பேரல் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். ஈயத்தை வார்த்துச் சுடும் பெரிய ரைபிள்காரர்கள் அதற்குத்தான் பயப்படுகிறார்கள். வேகமும் முறுக்கும் சேர்ந்து கூடினால் மெத்தென்ற ஈயம் பள்ளத்தைப் பிடிக்காமல் வழுக்கும்.

6.5 மி.மீ. ஸ்லக் வாங்கினேன். சுட்ட ஐந்தும் வட்ட ஓட்டை, ஒரு ரூபாய்க் காசுக்குள். மிச்ச டப்பாவை மாமா எடுத்துக்கொண்டார், தூண்டிலுக்கு ஈயமாச்சாம்.