ஆமை நகரும்வரை

ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் துறைமுகத்தை விட்டுப் படகு கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கடல் உயிரியல் மாணவியிடம் என் பழைய படங்களை எடுத்துக் காட்டினேன். 2015இல் இதே கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டுகளில் எடுத்தவை. கோமாளி மீன், கூட்டம் கூட்டமாக மஞ்சள் மீன்கள், கேமராவை முறைத்துப் பார்க்கும் ஓர் அழுங்காமை. ஆமைப் படத்தை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதையும் சொல்லிவைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பொறுமையாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, “அழகாக இருக்கிறது. பவளம் எங்கே?” என்றார்.

நானும் தேடினேன். மீனுக்குப் பின்னால் மங்கலாகக் கொஞ்சம், ஆமைக்கு அடியில் பாதி வெட்டுப்பட்டுக் கொஞ்சம். பவளத்திட்டைப் பார்க்க அவ்வளவு தூரம் போய், நானூறு படம் எடுத்து, பவளத்துக்காகவே எடுத்தது ஒன்றுகூட இல்லை.

“சரி, இது எந்த இடம்? எந்தத் தேதி?” கேமராவின் கடிகாரத்தை நான் உள்ளூர் நேரத்துக்கு மாற்றியிருக்கவில்லை. எந்தப் படம் எந்த டைவில் (முக்குளிப்பில்) எடுத்தது என்றே சொல்லத் தெரியவில்லை. போதாததற்கு, கணினியில் சிவப்பை ஏற்றி, நீலத்தைக் குறைத்து, எல்லாப் பவளத்துக்கும் நானே ஒரு வண்ணம் பூசிவைத்திருந்தேன். மூலக் கோப்புகள் எப்போதோ போய்விட்டன.

அவர் கிரேட் ரீஃப் சென்சஸ் என்ற கணக்கெடுப்புக்காகப் படம் எடுக்க வந்தவர். 2020இல் தொடங்கியது. 2,300 கிலோமீட்டர் நீளத்தில் சுமார் 3,000 திட்டுகள் சிதறிக் கிடக்கும் இடத்துக்கு, விஞ்ஞானிகள் மட்டும் எத்தனை படகில் போவார்கள்? அதனால் டைவர்களும் சுற்றுலாப் படகுகளும் எடுக்கும் படங்களைத் திரட்டுகிறார்கள். செயற்கை நுண்ணறிவும், எங்கோ வீட்டில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்களும் சேர்ந்து, எவ்வளவு பவளம், எந்த வகை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். நானும் எடுக்கிறேன் என்றேன். வாய் சும்மா இருக்காது.

முதல் பாடம் படகின் மேல்தளத்திலேயே நடந்தது. ஜிபிஎஸ் நீருக்கடியில் வேலை செய்யாது. அதன் ரேடியோ அலை கடல்நீருக்குள் சென்டிமீட்டர் கணக்கிலேயே அடங்கிவிடும். ஆகவே குதிப்பதற்கு முன் கேமரா கடிகாரத்தையும், ஆழத்தையும் நேரத்தையும் பதியும் டைவ் கம்ப்யூட்டரையும் ஒரே நேரத்துக்கு வைத்து, போன் திரையில் தெரியும் அட்சரேகை தீர்க்கரேகையை அதே கேமராவால் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் டைவ் கம்ப்யூட்டர் பதிவோடு ஒப்பிட்டால் அது எத்தனை மீட்டர் ஆழத்தில் எடுத்தது என்பதும் கிடைத்துவிடும். இத்தனை வருடம் இதைச் செய்யாமல் இருந்ததற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

முதல் டைவ் மானக்கேடு. கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்தால் காலை மறந்துவிடுகிறேன். காலில் மாட்டிய என் ஃபின் (நீந்தும் துடுப்பு) ஒரு மான்கொம்புப் பவளத்துக்கு ஒரு சாண் மேலே போனதை அவர் பின்னாலிருந்து படம் எடுத்திருந்தார். கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் டைவர்களைப் பின்தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று, கேமரா வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பவளத்தில் இடிக்கிறார்கள் என்று சொல்கிறது. பவளத்தைக் காப்பாற்றப் படம் எடுக்கிறேன் என்று போய் அதையே உடைத்துவிட்டு வருவது பெரிய கூத்து. அடுத்த டைவில் எடையைச் சரிசெய்து, கேமராவை அணைத்தே வைத்து, முதல் பத்து நிமிடம் மிதப்பை மட்டும் பழகினேன்.

நிறம் இன்னொரு தலைவலி. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பு என்பது வெறும் பழுப்பு. பவளத்தின் நிறம்தான் அதன் உடம்பின் நிலை என்பதால் இது விளையாட்டு இல்லை. திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சாப்பாடும் நிறமும் கொடுக்கிறது. கடல் சூடேறினால் பாசி வெளியேறும், பவளம் வெளிறும். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டம் இதற்கென்றே ஓர் அட்டை வைத்திருக்கிறது. 24 வண்ணக் கட்டங்கள், ஒவ்வொரு நிறத்திலும் வெளிறலுக்கு 1, அடர்த்திக்கு 6. பவளத்தின் மிக வெளுத்த இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் கண்ணால் ஒப்பிட்டு எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். படம் அதற்குச் சாட்சி. அட்டை படத்துக்குள் இருப்பதால் பின்னால் வைட் பேலன்ஸையும் (நிறச் சமநிலையையும்) திருத்தலாம், அளவும் தெரியும். கேமரா பதிந்தது பதிந்தபடியே இருக்கும் ரா (raw) கோப்பாக எடுப்பது இதற்குத்தான். 2019இல் டெர்யா அக்காய்னாக், டாலி ட்ரைபிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட சீ-த்ரூ முறை, ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டு, படத்திலிருந்து தண்ணீரையே கழித்துவிடுகிறது. அதற்கும் பூச்சு வேலை செய்யாத மூலக் கோப்பு வேண்டும்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் வெளிறல் இல்லை என்பதும் இங்கேதான் எனக்கு உறைத்தது. வெளிறிய பவளம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கிட்டே போய் எடுத்தால் கண்ணாடி போன்ற பாலிப்கள், அதாவது பவளத்தின் குட்டி உயிர்கள், தெரியும். முட்கிரீட நட்சத்திர மீன் தின்ற இடம் வெறும் எலும்பு, ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும், தின்றவர் பெரும்பாலும் பக்கத்துப் பொந்தில் இருப்பார். செத்துச் சில வாரமானதில் பாசி மயிர்போல முளைத்திருக்கும். தூரத்துப் படத்தில் மூன்றும் ஒரே வெள்ளைதான். அதனால் தூரத்திலிருந்து ஒன்று, அட்டையோடு ஒன்று, முகத்துக்கு முகம் ஒன்று. மூன்று படமும் சேர்ந்தால்தான் ஒரு பதிவு.

இரவில் படங்களைக் கணினியில் ஏற்றும்போது, கோரல்நெட் தளத்தில் ஒரு படத்தின் மேல் புள்ளிகள் சிதறி, ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே பவளமா, பாசியா, மணலா என்று கணினி ஊகிப்பதை மாணவி காட்டினார். பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒன்றோடொன்று முக்கால்வாசி மேற்படியும்படி நூற்றுக்கணக்கில் படம் எடுத்தால் திட்டின் முப்பரிமாண மாதிரியே செய்யலாம் என்றார். எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை, இன்னும்.

அப்போது படகின் டைவ் வழிகாட்டி என் தோளுக்குப் பின்னால் நின்று ஆமைப் படத்தைப் பார்த்தார். “இந்தப் பாறையை எனக்குத் தெரியும்.” ஆமைக்குப் பின்னால், இடது மூலையில், நடுவில் பிளந்த உருண்டைப் பவளம் ஒன்று. அதையொட்டி அகலமான மேசைப் பவளம் ஒன்றின் ஓரம். ஒன்பது வருடம் சுவரில் தொங்கியும் நான் பார்க்காத மூலை.

கடைசி டைவ் அங்கேதான். உருண்டை அப்படியே இருந்தது, பிளவும்கூட. மேசைதான் இல்லை. கட்டைத் தண்டு மட்டும் நின்றது, அதன் மேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு புதுப் பவளம். இடையில் 2016, 2017, 2020, 2022, 2024 என்று ஐந்து பெரும் வெளிறல்கள். 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயல். இவற்றில் எது மேசையைச் சாய்த்தது? என் இரண்டு படமும் பதில் சொல்லாது. நடுவில் வருடத்துக்கு ஒன்று யாராவது எடுத்திருந்தால் சொல்லியிருக்கும். வழிகாட்டி வாரத்துக்கு இரண்டு முறை இங்கே இறங்குகிறவர். பிளவுக்கு நேர் எதிரே, தண்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ஒன்பது மீட்டர் ஆழம் என்று சிலேட்டில் குறித்து அவரிடம் கொடுத்தேன். கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு வளைத்து ஓகே காட்டினார்.

அட்டையை வைத்துச் சட்டகம் பிடித்தபோது ஓர் அழுங்காமை வந்து தண்டின் மேலேயே சாய்ந்து, பக்கத்தில் இருந்த பஞ்சுயிரியைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தது. பழைய ஆமையா என்று கேட்காதீர்கள், தெரியாது. அன்றைக்கு ஆமை வருவதற்காகக் காத்திருந்தேன். இன்றைக்குப் போவதற்காக. என் தொட்டியின் காற்றழுத்தம் 70 பாருக்கு இறங்கிய பிறகுதான் ஆமைக்கு மனம் வந்து நகர்ந்தது. பதினொரு படம் எடுத்தேன். பன்னிரண்டாவதில் திரும்ப வந்துவிட்டது.