அரசியை ஏன் கேட்கவில்லை?

என் மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டது நல்ல கேள்வி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் சொன்ன பதில் சரியா என்பதில்தான் இன்னும் இரண்டு மனதாக இருக்கிறேன்.

2021 மார்ச்சில் மொரீஷியஸில் இரண்டாவது ஊரடங்கு வந்தபோது, என் தமிழ் இலக்கிய வகுப்பில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில், கண்ணகி பாண்டியன் அவையில் நீதி கேட்கும் பகுதியில், இருந்தோம். ஜூம் வகுப்பு எங்களுக்குப் பழகியிருந்தது. பழகாதது அகவலை நான் மட்டும் வாசிப்பது. வகுப்பறையில் எல்லோரும் சேர்ந்துதான் வாசிப்போம். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளைகளுக்கு ழகரமும் ஓசையும் அப்படித்தான் நாக்கில் ஏறும். இணையத்தில் ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்கிறது. எல்லோரையும் மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக் கண்ணகி சிலம்பை உடைக்கும் இடத்தை வாசித்தேன்.

அப்போதுதான் அவளுடைய செய்தி திரையில் வந்தது. நேரடி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து நிற்பவள். கிரியோலில் எழுதியிருந்தாள். "மிஸ், காணாமல் போனது அரசியின் சிலம்பு. உள்ளே என்ன பரல் என்று அவளுக்குத் தெரியாதா? அவளும் அங்கேதானே இருக்கிறாள்? அவளை ஏன் யாரும் கேட்கவில்லை?"

"நல்ல கேள்வி. தமிழில் எழுதும்மா" என்று பதில் போட்டேன். கட்டைவிரல் குறி ஒன்று வந்தது. அவ்வளவுதான். தமிழில் அந்தக் கேள்வி வரவே இல்லை.

நான் செய்தது விதிப்படிதான். தமிழ் இலக்கிய வகுப்பில் கலந்துரையாடல் தமிழில் நடக்க வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஒருத்திக்குக் கிரியோலை அனுமதித்தால் அடுத்த வாரம் பாதி வகுப்பு அதில் எழுதும். இவர்களில் பலர் நாளைக்கு ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியர்களாக நிற்கப்போகிறவர்கள். அந்தப் பள்ளிகளில் 2012 முதல் கிரியோலும் விருப்பப்பாடம். தமிழுக்கும் அதற்கும் நடுவில் பெற்றோர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தன் வகுப்பில் பிள்ளைகள் குறைவதைப் பார்த்த ஆசிரியருக்கு அந்தப் பயம் புரியும். எனக்கும் அது இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் ஒன்று இடிக்கிறது. ஊடல் என்றால் என்ன, அரசவை எப்படி நடந்தது என்றெல்லாம் நானே கிரியோலில்தான் விளக்குகிறேன். விளக்கம் வருகிற மொழியில் கேள்வி மட்டும் வரக்கூடாதா? அதுவும் அவள் கைபேசியில் தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி அடித்து முடிப்பதற்குள் நான் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பேன்.

அந்தக் கேள்வியோடு காப்பியத்தைத் திரும்பப் படித்தேன். ஊடல் கொண்ட கோப்பெருந்தேவியைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில்தான் பாண்டியனைப் பொற்கொல்லன் பிடிக்கிறான். அந்த அவசரத்தில் கொலை ஆணை பிறக்கிறது. அவள் ஊடல், அவள் சிலம்பு, கடைசியில் அவள் சாவு. வழக்குரை காதைத் தொடக்கத்தில் தான் கண்ட தீக்கனவைச் சொல்கிறாள். வழக்கு நடக்கும்போது ஒரு சொல்லும் இல்லை. முத்து என்று சொல்பவன் அரசன். இத்தனை வருடமாக "யார் சிலம்பில் முத்து, யார் சிலம்பில் மாணிக்கம்?" என்று ஒரு மதிப்பெண் வினா கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சிலம்பைக் காலில் போட்டிருந்தவளைப் பற்றி எனக்கு யோசனையே போகவில்லை.

நேரடி வகுப்பாக இருந்திருந்தால் இந்தக் கேள்வி வந்தே இருக்காது. அது நிச்சயம். எழுந்து நிற்க வேண்டியதில்லை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால்தான் அவள் கேட்டாள். இணைய வகுப்பால் வேறு நன்மைகளும் உண்டு: தெற்கே சூயாக்கிலிருந்து வருபவர்களுக்குப் பேருந்துப் பயணம் மிச்சம், பதிவைத் திரும்பக் கேட்கலாம், புயல் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்கு ஏறினாலும் மின்சாரம் போகும்வரை பாடம் நடக்கும். இவையெல்லாம் அறிக்கையில் எழுத வசதியானவை. அந்த ஒரு கேள்வியை எந்தத் தலைப்பில் எழுதுவது?

சரி, வகுப்பறையில் இதே பதிலைச் சொல்லியிருந்தால்? அவள் முகம் தெரிந்திருக்கும். சுருங்கியிருந்தால், "பரவாயில்லை, கிரியோலிலேயே சொல்லு" என்றிருப்பேனோ என்னவோ. திரையில் வந்த கட்டைவிரலுக்குச் சம்மதம் என்றும் அர்த்தம், போதும் என்றும் அர்த்தம்.

தேர்வில் கோப்பெருந்தேவியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கணவன் உயிரோடு தன் உயிரையும் விட்ட கற்புக்கரசி என்று, குறிப்பேட்டில் இருக்கிறபடியே, பிழையில்லாத தமிழில். நல்ல மதிப்பெண் போட்டேன். போடாமல் இருக்கக் காரணமும் இல்லை. மொழியை வற்புறுத்தியதால்தான் அந்தத் தமிழ் வந்தது என்றும் வாதாடலாம்; நானே சில நாள் அப்படி வாதாடுகிறேன்.

இப்போது புயல் நாட்களில் இணையத்துக்குப் போகும்போது, கேள்வியை எந்த மொழியிலும் கேட்கலாம், விவாதம் தமிழில் என்று வைத்திருக்கிறேன். உடன் பணிபுரியும் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "கேள்வி கேட்பதுதானே விவாதத்தில் பாதி? அதற்கு மதிப்பெண் உண்டா, இல்லையா?" என்றார். போன பருவத்தில் போட்டேன். இந்தப் பருவத்தில் இன்னும் முடிவு செய்யவில்லை.