இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு ஒரு பரீட்சை

சிங்களமும் தமிழும் தண்ணீர்பட்ட பாடு என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள்தான் மருத்துவ உரைபெயர்ப்பு, அதாவது வைத்தியரும் நோயாளியும் பேசுவதை மற்ற மொழியில் வாயால் சொல்லும் வேலை, அதற்கான வாய்மொழிப் பரீட்சையில் அதிகம் தடுமாறுகிறார்கள். என்னுடன் படித்தவர்களில் பலர் கொழும்பில், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வளர்ந்தவர்கள். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிக்கக்கூடியவர்கள். முதல் ஒத்திகையில் வைத்தியர் நீளமாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பயப்பட ஒன்றுமில்லையாம், மருந்தை ஒழுங்காகப் போட வேண்டுமாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்த பழக்கம் அது. வீட்டுக்கு அது போதும். பரீட்சையில் விட்டுப்போன ஒவ்வொரு தகவலுக்கும் புள்ளி குறையும். "வேண்டுமாம்" என்பது போல "ஆம்" சேர்த்து மூன்றாம் மனிதராகச் சொன்னாலும் குறையும். வைத்தியர் "நான்" என்றால் நீங்களும் "நான்" என்றே சொல்ல வேண்டும்.

நான் படித்தது வேலைக்குப் போகிறவர்களுக்கான வார இறுதிப் பாடநெறி. இறுதிப் பரீட்சையில் மூன்று பகுதிகள் இருந்தன: வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உரையாடலை இரு திசையிலும் உரைபெயர்ப்பது, கையில் தரும் தாளைப் பார்த்தவுடன் மற்ற மொழியில் வாசிப்பது, கடைசியாக நேர்முகம்.

நேர்முகத்தில் சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் கேட்டார்கள். 1956 இன் தனிச் சிங்களச் சட்டம், தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், இரு மொழிகளையும் நாடு முழுவதற்கும் நிர்வாக மொழிகளாக்கிய 1988 இன் 16ஆவது திருத்தம், 1991 இன் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம். இவ்வளவையும் ஒரு மாலையில் படித்துவிடலாம். சட்டம் இருந்தும் கொழும்பு வாட்டுகளில் தமிழ் நோயாளிக்காகப் பேசுவது யார் என்று கேட்டால் மட்டும் நிதானித்துப் பதில் சொல்லுங்கள். நுவரெலியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் தேசிய வைத்தியசாலைக்கும் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் அனுப்பப்படுகிறவர்களுக்காகப் பெரும்பாலும் பேசுவது பக்கத்துக் கட்டில்காரர், சிற்றூழியர், தமிழ் தெரிந்த தாதி, சில வேளைகளில் பாடசாலைப் பிள்ளை. அவர்களைக் குறை சொல்லும் பதில் எடுபடாது. அவர்கள் இல்லாவிட்டால் அந்த நோயாளிக்கு யாருமே இல்லை.

தயாராகத் தொடங்கும்போது எல்லோரும் சிங்கள மருத்துவச் சொற்களில் விழுந்துவிடுகிறார்கள். நான் தமிழிலிருந்து தொடங்கச் சொல்வேன். நோயாளியாக நடிப்பவர் பாடப்புத்தகத் தமிழ் பேச மாட்டார். யாழ்ப்பாணத்துப் பெரியவர் மூச்சுத் திணறலை "முட்டு" என்பார், வாந்தியைச் "சத்தி" என்பார். மலையகத்துத் தாய் வேறு மாதிரிச் சொல்வார். மருதானை முஸ்லிம் வீட்டுப் பேச்சு இன்னொரு மாதிரி. நீரிழிவு என்று சொல்லும் நோயாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை, எல்லோருக்கும் அது "சீனி"தான். பல ஊர்த் தமிழ் காதில் விழும் இடம் கொழும்பைப் போல வேறு இல்லை. ஒவ்வொரு ஊர்க்காரரையும் பிடித்து, "உங்கள் வீட்டில் தலைசுற்றை எப்படிச் சொல்வீர்கள், கை கால் விறைப்பதை எப்படிச் சொல்வீர்கள்" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிங்களப் பக்கத்துக்குத் தொலைக்காட்சி வைத்திய நேர்காணல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ராஜகிரியவில் உள்ள அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளையும் பாருங்கள். ஆனால் சொற்றொகுதியை மனப்பாடம் செய்துவிட்டு மண்டபத்துக்குப் போவது வீண்வேலை. நோயாளிக்குப் புரியாத தூய தமிழுக்கு யாரும் புள்ளி தரவில்லை.

பரீட்சையின் உயிர் எண்களில் இருக்கிறது. எனக்கு வந்த உரையாடலில் வைத்தியர் ஒரே மூச்சில் சொன்னது கிட்டத்தட்ட இதுதான்: மெட்ஃபோர்மின் 500 மில்லிகிராம் குளிசை, காலையில் 1, இரவில் 2, சாப்பாட்டுக்குப் பிறகு, சத்தியோ வயிற்றோட்டமோ கடுமையாக இருந்தால் நிறுத்திவிட்டு வர வேண்டும், அடுத்த கிளினிக் 6 வாரத்தில், அன்று வெறும் வயிற்றோடு இரத்தம் எடுக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். காலையும் இரவும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகசக்தியை நம்பாதீர்கள். சிறிய குறிப்புப் புத்தகத்தில் மேலிருந்து கீழாக, ஒரு வரிக்கு ஒரு தகவல். நான் 500 என்று எழுதி அதன் கீழ் "கா 1", அதன் கீழ் "இ 2" என்று எழுதினேன். சாப்பாட்டுக்கு ஒரு வட்டம், "பிறகு" என்பதற்கு வட்டத்தின் வலப்பக்கம் ஒரு கோடு. வெறும் வயிறு என்றால் வட்டத்துக்குள் குறுக்குக் கோடு. எந்த மொழியில் எழுதுகிறோம் என்பது முக்கியமில்லை, முழு வாக்கியமாக எழுத முயன்றால்தான் ஆபத்து. எழுதும் நேரத்தில் காது மூடிக்கொள்ளும். குறிப்புத் தாளைக் கடைசியில் கிழித்துப் போடுவதும் மதிப்பீட்டில் சேரும், ஏனென்றால் அதில் இருப்பது ஒரு நோயாளியின் விவரம்.

வைத்தியர் நிறுத்தாமல் பேசினால் கையைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள். எண் சரியாகக் கேட்கவில்லையென்றால், "உரைபெயர்ப்பாளர் அளவை மறுபடி கேட்க விரும்புகிறார்" என்று இருவருக்கும் கேட்கும்படி இரு மொழியிலும் சொல்லுங்கள். அப்போது மட்டும் உங்களைப் படர்க்கையில் சொல்ல வேண்டும், இல்லையேல் கேட்பது வைத்தியரா நீங்களா என்று நோயாளி குழம்புவார். கேட்டால் மதிப்புக் குறையும் என்று நினைத்து ஊகித்துச் சொன்னவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். மதிப்பீட்டாளர்கள் எதிர்பார்ப்பதே அந்தக் கேள்வியைத்தான்.

பார்த்தவுடன் வாசிக்கும் பகுதிக்குக் கின்சி வீதியிலுள்ள சுகாதார மேம்பாட்டுப் பணியகத்தின் துண்டுப்பிரசுரங்களைவிட நல்ல பயிற்சித் தாள் இல்லை. ஒரே விடயம் பல மொழிகளில் கிடைப்பதால் உங்களை நீங்களே திருத்திக்கொள்ளலாம். டெங்குத் தாளை எடுங்கள்: காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அஸ்பிரினோ இபுபுரோஃபெனோ கொடுக்கக்கூடாது. சிங்களத்திலும் தமிழிலும் "கூடாது" வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அதனால் கண் கடைசிச் சொல்லைத் தொடும் முன் வாய் திறக்கக்கூடாது. அவசரக்காரர்கள் மருந்தின் பெயரை முதலில் அழுத்திச் சொல்லிவிட்டு எதிர்மறையை மென்று விழுங்குவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி நேர்முகம்தான். நடைபாதையில் காத்திருக்கும்போது நோயாளி உங்களிடம், "தங்கச்சி, நான் கஷாயமும் குடிக்கிறேன், டொக்டரிடம் சொல்லிவிடாதே" என்கிறார். என்ன செய்வீர்கள்? இரகசியம் காப்பேன் என்று ஒருவர் சொன்னார், உடனே வைத்தியரிடம் சொல்வேன் என்று இன்னொருவர். இரண்டுக்கும் குழு தலையாட்டவில்லை. அந்த நிலைமை வராமல் தடுப்பதுதான் முதல் வேலை. நோயாளியோடு தனியாக உட்கார்ந்திருக்கக்கூடாது. தொடக்கத்திலேயே, "உள்ளே நீங்கள் சொல்லும் எல்லாவற்றையும் வைத்தியருக்குச் சொல்வேன், அவர் சொல்லும் எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்வேன், வெளியே யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அதையும் மீறிச் சொல்லிவிட்டால், "ஐயா, அதை நீங்களே வைத்தியரிடம் சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருந்து உரைபெயர்க்கிறேன்" என்று அவரையே பேச வைக்க வேண்டும். அதற்கும் அவர் மறுத்து, விடயம் உயிரைத் தொடும் ஆபத்தாக இருந்தால் மட்டும் வேறு பேச்சு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோர்ஃபரின் மருந்தைக் குடிப்பவரின் கஷாயமும் ஆரோக்கியமானவரின் கஷாயமும் ஒன்றல்ல. அடுத்து, "அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லாதீர்கள்" என்று மகள் கேட்டால் என்றும் கேட்பார்கள். மறைப்பதா சொல்வதா என்ற முடிவு உங்களுடையதல்ல. மகளின் வேண்டுகோளை வைத்தியரிடம் அப்படியே உரைபெயர்த்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. இந்தக் கேள்விகளுக்கு, அமெரிக்காவின் சுகாதார உரைபெயர்ப்புத் தேசிய சபை 2004 இல் வெளியிட்ட ஒழுக்கக் கோவையையும் 2005 இன் நடைமுறைத் தராதரங்களையும் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுப் போங்கள். நம் வாட்டுகளுக்கு அதில் சில பொருந்தாது, அதையும் நேர்முகத்தில் தயங்காமல் சொல்லலாம்.

ஒத்திகைக்கு மூன்று பேர் வேண்டும்: ஒருவர் வைத்தியர், ஒருவர் நோயாளி, ஒருவர் உரைபெயர்ப்பாளர். நோயாளியின் சாயலை வயதான உறவினர் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள், நண்பர்கள் நடித்தால் மிகத் தெளிவாகப் பேசிவிடுவார்கள்.

வெளிநாடு போகும் எண்ணத்தோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விடயம். அவுஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் உரைபெயர்ப்பாளர்களுக்கும் சான்றிதழ் வழங்கும் நாட்டி (NAATI) அமைப்பு நடத்தும் சீ.சீ.எல். (CCL) என்ற சமூக மொழிச் சோதனையைத் தமிழில் எடுக்கலாம். இரண்டு உரையாடல்கள், மொத்தம் 90 புள்ளிகள், சித்தியடைய 63 வேண்டும். அது குடிவரவுப் புள்ளிகளுக்கு மட்டுமே உதவும். வைத்தியசாலையில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்ய அந்த அமைப்பின் உரைபெயர்ப்பாளர் சான்றிதழைத் தனியாக எடுக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவ உரைபெயர்ப்பாளர்களுக்குச் சான்றிதழ் தரும் இரு சபைகளும் விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 40 மணித்தியாலப் பயிற்சி கேட்கின்றன. இங்கே படிக்கும் பாடநெறியின் சான்றிதழில் மணித்தியாலங்கள் குறிப்பிடப்படுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.