ஒரே பாறையில் நான்கு நாள்

மாலத்தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் திருக்கை, சுறா, ஆமை பார்க்கத்தான் கடலில் இறங்குகிறார்கள். நான் போனது விரல் நீளம்கூட இல்லாத மீன்களுக்காக. நான்கு நாளும் ஒரே பவளத்திட்டு. ஆழம் இரண்டு மீட்டரிலிருந்து எட்டு மீட்டர் வரை, அவ்வளவுதான். கையில் தண்ணீருக்குள் எழுத ஒரு பிளாஸ்டிக் பலகை, பென்சில், சின்ன டார்ச்.

முதல் நாள் முழுக்க நிறங்களைத்தான் எழுதினேன். மாலையில் மீன் கையேட்டைத் திறந்து ஒப்பிட்டபோது அந்தக் குறிப்புகளில் பாதி பயன்படவில்லை. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு மங்கிப் பழுப்பாகத் தெரியும். டார்ச் அடித்தால்தான் உண்மையான நிறம் கிடைக்கும். சரி, அடித்துப் பார்த்தோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரே இனத்தில் குஞ்சுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு வேறொன்று. திட்டின் விளிம்பில் கூட்டமாக மிதக்கும் ஆந்தியாஸ் மீன்களில் ஆரஞ்சாக இருப்பவை பெண்கள். நடுவே ஊதா கலந்த சிவப்பில், முதுகுத் துடுப்பின் மூன்றாவது முள் நூல்போல நீண்டிருப்பது ஆண். அந்த ஆண் இறந்துவிட்டால் பெண்களில் ஒன்று ஆணாக மாறிவிடும். நான் இரண்டையும் தனித்தனி இனமாகக் குறித்து வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் நிறத்தை ஒதுக்கிவிட்டு, மீன் எப்படி உட்கார்ந்திருக்கிறது, எப்படி நகர்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம்தான் கண் திறந்த மாதிரி இருந்தது.

பாறைமேல் உட்காரும் குட்டி மீன்களில் அதிகம் குழப்புபவை உளுவையும் பிளென்னியும். உளுவைக்கு முதுகில் இரண்டு துடுப்புகள், நடுவில் தெளிவான இடைவெளி. பிளென்னிக்கு ஒரே நீளத் துடுப்பு. சிலவற்றில் நடுவே ஒரு வெட்டு இருக்கும். துடுப்பை மடக்கிக்கொண்டால் என்ன செய்வது? உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்க்கலாம். உளுவை உடலை நேராக நீட்டி அசையாமல் கிடக்கும். பிளென்னி உடலை வளைத்து, தலையைத் தூக்கி, கண்களை உருட்டி நம்மை அளக்கும். பல பிளென்னிகளுக்குக் கண்ணுக்கு மேல் சிறு இழைகளும் உண்டு. இது பிடிபட்ட பிறகு மூன்று மீட்டர் தள்ளியிருந்தே குடும்பத்தைச் சொல்ல முடிந்தது.

அன்று மதியம் ஒரு பவளப் பாறையருகே துப்புரவு மீன் ஒன்று தலையை ஆட்டி ஆட்டி நீந்திக்கொண்டிருந்தது. பெரிய மீன்களின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்னும் மீன் அது. இதே நீல உடல், இதே கறுப்புக் கோடு, இதே ஆட்டத்தோடு வந்து பெரிய மீனின் துடுப்பைக் கடித்துவிட்டு ஓடும் போலி ஒன்றும் இருக்கிறது. அது ஒரு பிளென்னி. பிரித்துச் சொல்வது வாய்தான்: உண்மையான துப்புரவு மீனுக்கு வாய் முகத்தின் நுனியில், போலிக்கு மூக்குக்குக் கீழே. வாயைப் பார்க்கப் பத்து நிமிடம் காத்திருந்தேன். நுனியில்தான் இருந்தது.

கோமாளி மீன் அதிக நேரம் எடுக்கவில்லை. ஆரஞ்சு உடல், ஒரே வெள்ளைப் பட்டை, கறுத்த வயிற்றுத் துடுப்பு. அறிவியல் பெயர் ஆம்பிபிரியான் நைக்ரிப்பெஸ். மாலத்தீவு, இலங்கைப் பக்கத்துக் கடலுக்கே உரியது.

என்னை உண்மையில் கட்டிப்போட்டவை குட்டி உளுவைகள். எவியோட்டா என்ற பேரினம். பெரும்பாலானவை மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு, பாதி கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடல். உளுவை என்றால் வயிற்றுத் துடுப்புகள் ஒட்டிக் கிண்ணம்போல இருக்கும் என்று படித்திருப்போம். இவற்றில் அவை பெரும்பாலும் பிரிந்தே இருக்கின்றன. இனத்தை உறுதிசெய்யத் தலையில் உள்ள நுண்துளைகளின் அமைப்பு, துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை, அவை எப்படிக் கிளைக்கின்றன என்றெல்லாம் நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். கடலுக்குள் அதற்கு வழியில்லை. எவியோட்டா சிஜில்லாட்டா என்ற இனத்தின் காதுக்குள் இருக்கும் சிறு கற்களில் (செவிக்கற்கள்) நாளொன்றுக்கு ஒன்றாகப் படியும் வளையங்களை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். அதிகபட்ச ஆயுள் 59 நாள் என்று 2005இல் வெளியிட்டார்கள். அதிலும் முதல் மூன்று வாரம் திறந்த கடலில் மிதக்கும் குஞ்சுப் பருவம். இதைப் படித்த பிறகு அந்த மீன்கள்மேல் டார்ச் அடிக்கவே மனம் வரவில்லை. அரை நிமிடத்தில் அணைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் திட்டின் விளிம்பு வரை நீந்திப்போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். வெறும் நீல இருட்டு. இந்தக் கடலில் 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில்தான் சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா என்ற மீன் வாழ்கிறது. மாலத்தீவின் திவேஹி மொழியில் ஃபினிஃபென்மா என்றால் ரோஜா. 1990களிலேயே ஆய்வாளர்கள் பார்த்த மீன்தான், ஆனால் வேறொரு இனத்தின் வளர்ந்த வடிவம் என்று நினைத்தார்கள். அந்த இனமோ, தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள சாகோஸ் தீவுகளில் கிடைத்த ஒரே ஒரு இளம் மீனை வைத்து 1983இல் பெயர் பெற்றது. குஞ்சை வைத்து எழுதிய விவரிப்போடு வளர்ந்த மீனை ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? நிறம், முதுகு முட்களின் உயரம், செதில் எண்ணிக்கை, மரபணு எல்லாவற்றையும் ஒப்பிட்டு 2022இல் தனி இனம் என்று அறிவித்தார்கள். அந்த ஆய்வாளர்களில் ஒருவர் அகமது நஜீப். மாலத்தீவைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் அங்குள்ள மீனுக்கு முறைப்படி பெயரிட்டது அதுவே முதல்முறை. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி. ஒரு கடலின் மீனை அந்தக் கடலோரத்து மனிதரும் சேர்ந்து, அவர் மொழியிலேயே பெயர் சொல்லி அழைப்பதுதான் முறை.

கடைசி நாள் காலை அதே பவளப் பாறைக்குத் திரும்பினேன். இறந்த பவளத்தின் ஒரு குழியில் குட்டி உளுவை ஒன்று இருந்தது. முதல் நாள் பார்த்ததேதானா என்று சொல்ல முடியாது. இரண்டு முதுகுத் துடுப்பு, நேரான உடல், வயிற்றோரம் வரிசையாகக் கரும்புள்ளிகள். பலகையில் 'எவியோட்டா' என்று எழுதி, இனப்பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே வந்தேன்.