போர்வையில் காப்பிப் பழம்

ஏற்காட்டிலிருந்து ஒரு ஆத்தாவைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். எண்பதைத் தாண்டிய வயசு. காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தே காலத்தைக் கழித்தவர். சேலத்தில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் அன்று எனக்கு நைட் டியூட்டி. காய்ச்சல் இல்லை, பிரஷர் சரியாக இருந்தது. கண்ணை மூடிப் படுத்திருந்தார். விரல்கள் மட்டும் போர்வையைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தன.

"சிஸ்டர், எங்க ஆத்தா வாய் ஓயாம பேசும். நேத்துல இருந்து பேச்சே இல்ல. பாருங்க, காப்பிப் பழம் பறிக்குது" என்றார் மகள்.

"அசதியா இருக்கும்மா, தூங்கட்டும்" என்றேன். நோட்டிலும் 'நன்றாகத் தூங்குகிறார்' என்று எழுதி வைத்தேன். காலையில் டாக்டர் தட்டி எழுப்பியபோது ஆத்தாவுக்குப் பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை. சிறுநீர்த் தொற்று முற்றியிருந்தது.

பிழைத்துக்கொண்டார். ஆனால் நோட்டில் நான் எழுதிய அந்த வரி இன்றும் மனசை அறுக்கிறது.

உடம்பில் ஏதோ கோளாறால் இப்படித் திடீரென்று புத்தி தடுமாறுவதற்கு டெலிரியம் என்று பேர் என்பது பல மாதம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் எனக்கு உறைத்தது. கத்திக் கலாட்டா செய்பவரை எல்லோரும் கவனிப்போம். பேசாமல் கிடப்பவரைக் கோட்டை விட்டுவிடுவோம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் காட்டாமல் போகலாம். அரிப்புக்குச் சட்டென்று போடுகிற அவில் ஊசிகூட அவர்களைக் குழப்பிவிடும், சிறுநீரையும் அடைத்துவிடும். ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ படித்த காலத்தில் இதெல்லாம் என் மனசில் பதியவே இல்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு 1978-லேயே வந்துவிட்டது. எங்கள் வார்டுக்கு அந்தப் படிப்பு வந்து சேர இத்தனை காலமா?

நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க 5 வருஷத்துக்கு 150 மணி நேரம் தொடர்கல்வி வேண்டும் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். நல்ல விதிதான். ஆனால் நான் போன வகுப்புகள் பெரும்பாலும் ஐ.சி.யூ., தொற்றுக் கட்டுப்பாடு என்றே இருந்தன. முதியோருக்கு அரை நாள். அதுவும் நைட் முடித்த கையோடு போய் உட்கார்ந்தால் மண்டையில் என்ன ஏறும்? டியூட்டி மாற்றும்போது நோயாளியின் பக்கத்தில் நின்று, தமிழில், பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தால் போதும், அது நிற்கும்.

இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். கூட இருப்பவரிடம் முதல் கேள்வியே "வீட்டுல எப்படி இருப்பாரு?" என்பதுதான். போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு புதுப் பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, ஆறாம் பெட் தாத்தா தினமும் படுக்கறதுக்கு முன்னாடி பேப்பர் கேப்பாரு. இன்னைக்குக் கேக்கவே இல்ல."

உடனே டாக்டரைக் கூப்பிட்டோம்.