எல்பிஎஸ் யாரைத் தொட்டது? நியூட்ரோஃபில் கடப்புச் சோதனைக்கு முன்

நியூட்ரோஃபில்கள் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) ரத்தநாளச் சுவரைக் கடப்பதை ஆய்வகத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது எல்பிஎஸ் (லிப்போபாலிசாக்கரைடு). ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள பொருள் அது. அது சுவர்ச் செல்லைத் தொட்டதா, நியூட்ரோஃபிலையே தொட்டதா என்பதைப் பொறுத்து விடை நேரெதிராகத் திரும்பிவிடும்.

சுவரைத் தொட்டால் வழி திறக்கும். எண்டோதீலியச் செல்லின் (ரத்தநாள உட்சுவர்ச் செல்) டிஎல்ஆர்4 என்ற எல்பிஎஸ் உணரி தூண்டப்பட்டு, நியூட்ரோஃபில்களைப் பிடிக்கும் இ-செலக்டின் 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், 24 மணி நேரத்துக்குள் பெரிதும் இறங்கிவிடும். இன்னொரு ஒட்டுப் புரதமான ஐகேம்-1 மெதுவாக ஏறி அப்போதும் நிற்கும். கூடவே நியூட்ரோஃபில்களை ஈர்க்கும் ஐஎல்-8 சுரக்கும். எனவே எத்தனை மணி நேரம் கொடுத்தீர்கள் என்று எழுதாத சோதனைக்குப் பொருளே இல்லை.

நியூட்ரோஃபிலைத் தொட்டால், அது சுவரில் உருள உதவும் எல்-செலக்டினை உதிர்த்துவிடும். ஐஎல்-8ஐ உணரும் சிஎக்ஸ்சிஆர்2 மேற்பரப்பில் குறையும். சுவரில் உருள்வதும் தடுமாறும், திசையும் தப்பும். கடும் செப்சிஸில் (தொற்றால் உறுப்புகள் பழுதடையும் நிலை) நியூட்ரோஃபில்கள் தொற்றிடத்துக்குப் போய்ச் சேராததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் ஹூவெக் செல்களை (தொப்புள்கொடி நரம்பின் எண்டோதீலியச் செல்கள்; 5ஆம் பாசேஜுக்குள், அதாவது ஐந்து முறைக்கு மேல் பிரித்து வளர்க்காதவை) ஃபைப்ரோனெக்டின் என்ற ஒட்டுப் புரதம் பூசிய, 3 மைக்ரான் துளையுள்ள டிரான்ஸ்வெல்லில் (துளைச்சவ்வு அடித்தளமுள்ள கிண்ணம்) இடைவெளியின்றி வளர்த்து, மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் எல்பிஎஸ் 4 மணி நேரம் கொடுங்கள். பிறகு நன்றாகக் கழுவிவிட்டே நியூட்ரோஃபில்களை இடுங்கள். ஊடகத்தில் சீரம் கட்டாயம் வேண்டும்: எல்பிஎஸ்ஸை டிஎல்ஆர்4க்குக் கைமாற்றும் சிடி14 புரதம் ஹூவெக் சவ்வில் மிகக் குறைவு, சீரத்தில் கரைந்திருக்கும் சிடி14தான் எல்பிஎஸ்ஸைச் சேர்ப்பிக்கிறது. சீரம் இல்லாமல் செய்துவிட்டு "எல்பிஎஸ் வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது. எல்பிஎஸ் திரண்டுகொள்ளும், பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். நீர்க்கும் முன் ஒவ்வொரு முறையும் வோர்டெக்ஸில் (சுழற்கலக்கியில்) நன்றாகக் கலக்குங்கள்.

எல்பிஎஸ் செல்களுக்கிடையே இடைவெளியையும் உண்டாக்கும். ஒளிரும் டெக்ஸ்ட்ரான் (ஒரு சர்க்கரைச் சங்கிலி) எவ்வளவு கசிகிறது என்று கூடவே அளந்தால்தான், கடந்த செல்களின் எண்ணிக்கைக்குச் சரியான பொருள் கிடைக்கும்.

எல்பிஎஸ் சேர்க்காத கிணற்றிலும் செல்கள் நிறையக் கடந்தால் எல்பிஎஸ் மாசைச் சந்தேகியுங்கள். ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலம்) பாக்டீரியாவைக் கொல்லும், எல்பிஎஸ்ஸை அழிக்காது. கண்ணாடிக் கலங்களுக்கு 250 டிகிரி உலர் வெப்பம் 30 நிமிடம் தேவை. ஈ.கோலையில் தயாரித்த புரதத்தைச் சோதிக்கிறீர்களா? ஒரு பங்கைக் கொதிக்கவைத்துப் பாருங்கள். பெரும்பாலான புரதங்கள் செயலிழக்கும்; எல்பிஎஸ் தாங்கும். ஆகவே கொதித்த பின்னும் விளைவு நீடித்தால் எல்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். பாலிமிக்ஸின்-பி என்ற ஆன்டிபயாட்டிக் எல்பிஎஸ்ஸைக் கட்டிப்போடும் என்றாலும், டிஎல்ஆர்2 என்ற வேறு உணரியைத் தூண்டும் லிப்போபுரத மாசு அதற்கு அகப்படாது.