கவுண்டருக்குப் பின்னாலிருந்து: மெலடோனின் கேட்டு வருகிறவர்கள்

மே 4, திருப்பாதிரிப்புலியூர்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்கள் மருந்துக் கடைக்கு மெலடோனின், அதாவது தூக்கத்துக்குப் போடும் மாத்திரை, கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். இன்று ஒரு அம்மா, ஏழு வயதுப் பையனோடு. "பதினொரு மணி ஆனாலும் தூங்க மாட்டேங்கிறான் அண்ணா. எங்க வீட்டுக்காரர் போடுறதுல பாதி ஒடச்சுக் குடுக்கலாமா?" அட்டையை வாங்கிப் பார்த்தேன். மெதுவாகக் கரையும் வகை, அதை உடைக்கவே கூடாது. மொத்த மருந்தும் சட்டென்று இறங்கிவிடும். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக்கினால் அது குழந்தை மருந்தாகவும் ஆகிவிடாது.

பையன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இருட்டியதும் மூளையில் பீனியல் சுரப்பி தானே சுரப்பதுதான் மெலடோனின். முகத்துக்கு நேரே வெளிச்சம் அடித்தால் அது தள்ளிப்போகும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை வாங்கி வையுங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் குழந்தை டாக்டரைப் பாருங்கள் என்றேன். அம்மா சரி என்றார். பையன்தான் என்னை முறைத்துக்கொண்டே போனான்.

மே 6

சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பி, பகல் தூக்கத்துக்காக டாக்டர் சீட்டோடு வந்தார். வீடு போய்ச் சேர்ந்த பிறகு போடுங்கள், போட்டுவிட்டு பைக் எடுக்காதீர்கள், அன்றைக்குக் குடியும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மே 9

மஞ்சக்குப்பத்திலிருந்து வழக்கமாக வார்ஃபரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வாங்க வரும் ஐயா, அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த டப்பாவைக் கவுண்டரில் வைத்தார். உள்ளே கரடி பொம்மை வடிவில், சர்க்கரை தூவிய மெலடோனின். "மிட்டாய்தானே தம்பி?"

மிட்டாய் மாதிரி இருப்பதுதான் எனக்குப் பயம். வார்ஃபரின் போடுகிறவர் இதையும் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள் என்றேன். அங்கே இது மருந்தாக அல்ல, உணவுத் துணைப்பொருளாக விற்கிறது. 2023-இல் இப்படிப்பட்ட 25 மிட்டாய் வகைகளைச் சோதித்தபோது 22-இல் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை! அந்நாட்டு விஷ முறிவு மையங்களுக்குக் குழந்தைகள் மெலடோனினை விழுங்கிவிட்டதாக வந்த தகவல்கள் 2012-இல் 8,337, 2021-இல் 52,563. லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வரப்போகிறார்களாம். டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன்.

மே 13

மெலடோனினே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள மகனுக்காக நெல்லிக்குப்பத்திலிருந்து வரும் அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். சீட்டில் 1 மில்லிகிராம், படுக்க ஒரு மணி நேரம் முன்பு. குழந்தைகளுக்கு அரை அல்லது ஒரு மில்லிகிராமில்தான் தொடங்குவார்கள். நிறையப் பேருக்கு 3-க்கு மேல் தேவைப்படாது. "நல்லா கேக்குதுண்ணா, ரெண்டாக் குடுத்தா இன்னும் சீக்கிரம் தூங்குவானா?" என்றார். கேட்கும்போது ஏன் கூட்ட வேண்டும்? காலையில் மந்தமாக இருக்கிறானா, தலைவலி என்கிறானா, படுக்கையை நனைக்கிறானா என்று விசாரித்தேன். போன வாரம் ஒரு நாள் நனைத்தானாம். அதைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்து, டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.